கூடைக்குக் கழித்தது போக

பதுளை
26.1.1986

அன்பும் மதிப்பும் உள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு வந்து நான்கு நாட்கள் உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பி வந்த கையோடு கடிதம் எழுதுவது சரியில்லைதான். மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. பேனாவுக்கு அவ்வளவு வெட்கம் கிடையாது.

நான் சுகம். போர்டிங் வீட்டு ஜெஸீமா ராத்தாவும் அவர் கணவர் மர்ஸூக் நானாவும் என்னை வீட்டுப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பனியில் வெறுங்காலோடு மலை ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதுவரை அம்மாவுக்கு உரக்கப் படியுங்கள். இனி வருவது உங்களுக்கு மட்டும்.

என் ஆசிரியர் நியமனம் நிரந்தரமாவதற்கு வைத்தியச் சான்றிதழ் தேவை. அதற்காக ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சிறுநீரை ஒரு குழாயில் ஊற்றி, நீல மருந்து கலந்து, சூடாக்கி, சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். அது நீலமாகவே இருக்க வேண்டுமாம். நம் லயத்து வரிசை வீட்டுக் கூரைத் தகரத்தில் துரு பிடித்திருக்குமே, அந்த நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா என் வயதை இரண்டு தரம் கேட்டார். "இருபத்து மூன்று வயதில் சீனி வியாதியா? இது உன் அம்மாவுக்கு வர வேண்டியதல்லவா?" என்றார். அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

பிறகு, "சின்ன வயதில் பெரிய வியாதி ஏதாவது வந்ததா?" என்று கேட்டார்.

"காய்ச்சல்," என்றேன்.

"என்ன காய்ச்சல்?"

"பெரிய காய்ச்சல்."

"அப்படியொரு காய்ச்சல் நான் படித்த புத்தகத்தில் இல்லையே," என்றார். வீட்டில் கேட்டு வரச் சொன்னார். அது என்ன காய்ச்சல், மாமா?

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பாக்கியம்


கல்லுமலைத் தோட்டம், மேல் டிவிசன்
மடுல்சீமை
8.2.1986

சகல பாக்கியமும் பெற்ற மருமகள் பாக்கியலெட்சுமி பி.ஏ.க்கு மாமன் வீரய்யா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சேமம். ஆடு இரண்டு குட்டி போட்டு அதுவும் சேமம். பனி கூடுதல். தேயிலைக் கொழுந்து குறைவு. உன் கடிதம் தப்பால் பையில் வந்தது. பதினாறு லயத்துக்கும் உன் கையெழுத்து தெரியும் என்பதால், என் கைக்கு வருமுன்பே உன் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. நீ சொன்ன இடம் வரைக்கும் படித்து நிறுத்தினேன்.

"ரெண்டு பக்கம் எழுதியிருக்கு. இம்புட்டு சுருக்கா முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல் மீதிப் பக்கத்துக்குப் பதுளையில் மழை என்று படித்தேன். அதுவும் போதாதென்று தோன்றியதால், பஸ் பசறைக்குப் பக்கத்தில் பழுதாகி நின்றது என்றும், நீ இறங்கி நடந்தாய் என்றும் படித்தேன். உன் அம்மா அழுதுவிட்டாள். இனி இப்படிக் கடிதம் எழுதாதே. நான் படித்த கணக்கப்பிள்ளைதான். ஆனால் அவ்வளவு படிக்கவில்லை.

காய்ச்சலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த மலையில் காய்ச்சல் வராத பிள்ளை யார்? அந்த டாக்டரம்மா வயதில் சிறியவர் என்று நினைக்கிறேன். குழாய் ஒழுங்காகக் கழுவியிருக்க மாட்டார்கள்.

பொங்கலில் பார்த்தபோது நீ மிகவும் மெலிந்திருந்ததாக உன் அம்மா அபிப்பிராயப்படுகிறாள். வைகாசித் திருவிழாவில் துலாபாரம் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்து உடம்பைத் தேற்றவும். பஸ் கொண்டக்டரிடம் ஒரு டின் அதிரசமும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
வீ. வீரய்யா
கணக்கப்பிள்ளை, மாரியம்மன் கோயில் கமிட்டிக் காரியதரிசி


பதுளை
16.2.1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் ஆட்டுக்குட்டிகளின் சுகமும் அறிந்து சந்தோஷம்.

டின் வந்து சேர்ந்தது. திறக்காமலே ஜெஸீமா ராத்தாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பிறகு வாசனையை மட்டும் பார்க்கலாம் என்று திறந்தேன். ஒரு அதிரசத்தில் பாதி தின்றேன். பாதியை மட்டும் ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது என்று மீதிப் பாதியையும் தின்றேன். அதன் பிறகுதான் கொடுத்தேன். மர்ஸூக் நானா எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டே, "டீச்சர், உங்கட மாமாவுக்கு சொல்லுங்க, சீனி வியாதிக்கு இது நல்ல மருந்தில்ல. ஆனா நல்ல சாமான்," என்றார்.

குழாயைக் கழுவி மறுபடியும் பார்த்தார்கள், மாமா. இரத்தத்திலும் பார்த்தார்கள். இரத்த அழுத்தமும் கூடுதல். டாக்டரம்மா என்னை உட்காரவைத்து வேறு கேள்விகள் கேட்டார். தலைமுடி கொட்டியதா? கொட்டியது. முதுகில் ஊசி போட்டார்களா? போட்டார்கள். எனக்கு ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை நீங்கள்தான் ரயிலில் கொழும்புப் பக்கம் கூட்டிப்போனீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான். ஒரு பெரிய இயந்திரத்தின் கீழே படுக்கவைத்து, தலையை ஆட்டாதே என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்று குரங்குபோல் முகம் காட்டினீர்கள். சிரித்தால் தலை ஆடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

இதைச் சொன்னதும் டாக்டரம்மா ஒரு பெயர் சொன்னார். இரத்தத்தில் வருகிற புற்றுநோய். ஆமா, இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

அம்மாவுக்குப் படிக்க இதனுடன் தனியாக ஒரு பக்கம் மழையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். பஸ் பழுதாகவில்லை.

அன்புடன்,
பாக்கியம்


கல்லுமலை, மடுல்சீமை
23.3.1986

மருமகள் பாக்கியலெட்சுமி பி.ஏ.க்கு,

இங்கே சேமம். பதில் தாமதமானதற்குக் காரணங்கள் பல. கோயிலுக்கு வெள்ளை அடித்தோம். பெரிய ஆட்டுக்குட்டி தோட்டத்துத் துரை வீட்டு ரோசாச் செடியைத் தின்றது. துரை என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் ஏசினார், ஆட்டைக் கூப்பிட்டு ஏச முடியாதல்லவா? கொழுந்து இப்போதுதான் துளிர்க்கிறது. பெண்கள் பறித்து வரும் கூடையை நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் நான் கழிக்கிற ராத்தலைப் பற்றி மூக்காயி வழக்கம்போல் சத்தம் போடுகிறாள். அவளுக்கு வயது போனாலும் தொண்டைக்குப் போகவில்லை. லுணுகலையில் கடை வைத்திருக்கிற கந்தப்பன், தன் மகனுக்கு உன்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். குடும்பம் நல்ல குடும்பம். பையனுக்குக் காது கொஞ்சம் பெரிது.

மற்றபடி விசேஷம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமா.

அந்தப் பெயரை இங்கே எவரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவும் நானும்கூட எங்களுக்குள் சொன்னதில்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான். அப்பா இல்லாத பிள்ளை. அந்தப் பெயர் தெரிந்தால் பெண் கேட்டு எவன் வருவான்? நானும் கொழும்புப் பக்கம் அதன் பிறகு போனதில்லை. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கும் போகவில்லை, வயிற்றுவலி என்று தந்தி அடித்தேன்.

அது திரும்பி வந்துவிட்டதா? இதற்கு உடனே எழுது.

மாமா
வீ. வீரய்யா


பதுளை
26.3.1986

அன்புள்ள மாமாவுக்கு,

திரும்பி வரவில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தக் காலத்தில் அந்த நோயிலிருந்து பிழைத்து இவ்வளவு பெரிய பெண்ணாக என் முன்னால் வந்து உட்கார்ந்த முதல் ஆள் நீதான். அந்த மருந்துகளும் தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சும் உன்னைக் காப்பாற்றின. ஆனால் அப்படிக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பிறகு உடம்பு பருக்கிறது, உயரம் நின்றுவிடுகிறது, சீனியும் கொழுப்பும் அழுத்தமும் இளம் வயதிலேயே எட்டிப் பார்க்கின்றன என்று வெளிநாட்டில் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வருவதில்லை. உனக்கு அதனால்தான் வந்தது என்று என்னால் சத்தியம் பண்ணவும் முடியாது. விட்டுவிட்டால் இருதயத்தையும் கண்ணையும் பிடிக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நெடுநாள் இருப்பாய்."

நான் குட்டையாகவும் உருண்டையாகவும் இருப்பது அம்மாவின் சமையலால் மட்டும் அல்ல என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. அம்மாவின் சமையலாலும்தான் என்று டாக்டரம்மா சொன்னதை விட்டுவிடுகிறேன்.

மாத்திரை தந்திருக்கிறார். இனிப்பு நிறுத்தம். தினமும் நடக்க வேண்டும். பள்ளி விட்டதும் ரயில் நிலையம் வரை போய்த் திரும்புகிறேன். முதல் வாரம் நம் மடுல்சீமை பஸ் என்னைக் கடந்தபோது சன்னல் வழியாக ஒரு குரல், "பாவம், டீச்சருக்கு இன்னும் சம்பளம் வரலபோல!" என்றது. மறுநாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து, "டீச்சர், யாருக்கு ஒளிக்கிறீங்க?" என்று உரக்கக் கேட்டார்கள்.

மாமா, ஒரு விஷயம். வருடா வருடம் என்னைத் தராசில் தொங்கவிட்டு என் எடைக்கு லயங்களுக்குச் சீனி பங்கிடுகிறோம். சீனி வியாதிக்காரியை வைத்துச் சீனி நிறுப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. இந்த வருடத்தோடு நிறுத்திவிடலாமா?

டாக்டரம்மா இன்னொன்றும் செய்யச் சொல்லியிருக்கிறார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
பாக்கியம்


கல்லுமலை
15.4.1986

சிரஞ்சீவி பாக்கியலெட்சுமி பி.ஏ.க்கு,

புது வருடப் பிறப்பு நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்தின் முதல் வரியைப் பலமுறை படித்தேன். மூச்சு விட்டேன்.

துலாபாரத்தை நிறுத்த முடியாது. ஏன் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. நீ எப்போதும் தராசில் தலையைக் குனிந்துகொண்டே இருப்பாய், யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டாய்.

கடைசி ஊசி முடிந்து எழுபத்து மூன்றில் உன்னை இங்கே கூட்டி வந்தேன். உன் எடைக்குச் சீனி போடுகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தாள் உன் அம்மா. நேர்ந்த காலத்தில் கடையில் சீனி இருந்தது. நிறைவேற்றுகிற காலத்தில் ரேசன். மாவும் இல்லை, அரிசியும் இல்லை. ஜனங்கள் கீரையும் கிழங்கும் அவித்துத் தின்ற நேரம். உன் அம்மா கோயில் வாசலில் வெறும் சாக்கோடு உட்கார்ந்திருந்தாள். அப்போது மூக்காயி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து சாக்கில் கொட்டினாள். அவள் வீட்டுக்குக் கிடைத்த பங்கு. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சிரட்டையில், கடதாசியில், மருந்துப் போத்தல் மூடியில். அன்றைக்கு நீ ஒரு கூடை ஈரக் கொழுந்தின் பாரம்கூட இல்லை. அதனால்தான் அந்தச் சீனி உன் எடைக்குச் சரியாக வந்தது. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பெரியவர்கள் அடுத்த ரேசன் வரை சீனி இல்லாமல் வெறும் தேத்தண்ணி குடித்தார்கள்.

கடைகளில் சீனி திரும்ப வந்ததும் உன் அம்மா எழுந்து நின்று சொன்னாள்: "எம்புள்ள இருக்கிற வரைக்கும் வருசா வருசம் அவ எடைக்கு இந்த லயத்துக்குச் சீனி." இதை நான் எப்படி நிறுத்துவது?

இதில் வேறொரு சங்கடமும் உண்டு. தை மாதத்திலிருந்தே ஜனங்கள் உன்னைக் கண்ணால் நிறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நீ வரும்போதெல்லாம் ஆளுக்கொரு தட்டு நீட்டுகிறார்களே, அது பாசம்தான். கொஞ்சம் முதலீடும்தான்.

உன் மாமன்,
வீ. வீரய்யா


பதுளை
4.5.1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான் வழக்கமாகவே பேசுவதில்லை என்பதால் ஜெஸீமா ராத்தாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வருகிறேன். தராசில் உட்காருகிறேன். இம்முறை தலை குனியாமல் எல்லோர் முகத்தையும் பார்க்க முயற்சி செய்வேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: பொங்கலுக்குப் பார்த்த பாக்கியம் வரமாட்டாள். அவளில் கொஞ்சம் ரயில் நிலையப் பாதையில் கரைந்துவிட்டது. ஜனங்களைத் தயார்ப்படுத்தி வையுங்கள்.

அம்மா சுகமா? எனக்காக எதுவும் பொரிக்க வேண்டாம் என்று எப்படியாவது சொல்லுங்கள்.

பாக்கியம்


கல்லுமலை
11.6.1986

மருமகள் பாக்கியலெட்சுமிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். பி.ஏ. போட நேரமில்லை. சேமம் என்று எழுதவும் முடியவில்லை.

ஜனங்களை நான் தயார்ப்படுத்தவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திருவிழா வந்துவிட்டது. நம் கோயிலுக்கென்று தனித் தராசு கிடையாது. கொழுந்து நிறுக்கிற அதே தொங்கு தராசு, அதே முக்காலி, முள்ளைப் பார்த்துச் சொல்கிற ஆளும் அதே ஆள். நான் எடையைக் கூவியதும் சனம் "ஹா" என்றதே, அதை நீ பக்தி என்று நினைத்திருப்பாய். அது பக்தி இல்லை.

நீ பஸ் ஏறி வளைவு திரும்பவில்லை, அதற்குள் மூக்காயி என் முன்னால் வந்து நின்றாள்.

"கணக்கப்புள்ள ஐயா, கூடைக்குக் கழிச்சீங்க, பொறுத்துக்கிட்டோம். ஈரத்துக்குக் கழிச்சீங்க, பொறுத்துக்கிட்டோம். அம்மன் வாசல்ல வச்சு நம்ம புள்ளையிலயுமா கழிப்பீங்க?"

"புள்ள மெலிஞ்சிருக்கு, மூக்காயி."

"மாசச் சம்பளம் வாங்குற புள்ள எதுக்குய்யா மெலியிது?"

மறுநாள் ஒரு கூடையும் தராசுக்கு வரவில்லை. பெண்கள் எல்லோரும் கொழுந்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தராசைச் சோதிக்காமல் நிறுக்க விடமாட்டோம் என்றார்கள். துரை மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"என்னா பிரச்சினை?"

"டீச்சர் எடை கொறஞ்சிருச்சு, தொரை."

"டீச்சர் தோட்டத்து ஆளா?"

"ஆமாங்க தொரை, நாங்க சீனி போட்டு எடுத்த ஆளு."

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில், "என் எடை எனக்குத் தெரியும், நானே உட்காருகிறேன்," என்று நீ உட்கார்ந்த கயிற்று நாற்காலியில் ஏறித் தொங்கினார். முள் அவர் சொன்ன எடைக்கு மேலே போகவில்லை, கீழேதான் நின்றது. பெண்கள், "பாத்தீங்களா, பாத்தீங்களா, தொரையிலயும் கழிக்கிது!" என்று எழுந்து கூவினார்கள். ஆனால் துரைக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவரையும் உடம்பைக் குறைக்கச் சொல்லி அவருடைய டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "தராசு சரி! ரொம்பச் சரி! நான்தான் மெலிந்துவிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டேன்.

கொழுந்து சாக்கில் கிடந்து கருகுகிறது. தராசு பொய் என்றால் என் வேலை போகும். தராசு மெய் என்றால் நீ ஏன் மெலிந்தாய் என்று சொல்ல வேண்டும். கந்தப்பன் வீட்டார் அடுத்த வாரம் பேச வருகிறார்கள். உன் பெயருக்கு ஒன்றும் வராமல் எப்படியாவது சமாளிக்கிறேன்.

வீரய்யா


பதுளை
14.6.1986

அன்புள்ள மாமாவுக்கு,

சமாளிக்க வேண்டாம். சொல்லிவிடுங்கள். சீனி வியாதியையும் சொல்லுங்கள், அந்தக் காய்ச்சலின் பெயரையும் சொல்லுங்கள். அம்மாவிடம் முதலில்.

நானே வந்து சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் நிலையம் வரை போனேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிற நான், ரோட்டில் உட்கார்ந்திருக்கும் மூக்காயியை நினைத்ததும் திரும்பி வந்துவிட்டேன். இந்தக் கோழைத்தனத்துக்கும் மன்னியுங்கள்.

எனக்காக வெறும் தேத்தண்ணி குடித்தவர்களிடம் பொய்த் தராசு என்று பெயர் வாங்காதீர்கள். பெரிய காதுக்காரருக்காக அவர்களை விட முடியாது.

பாக்கியம்


கல்லுமலை
2.7.1986

என் மருமகள் பாக்கியலெட்சுமி பி.ஏ.க்கு மாமன் வீரய்யா ஆறுதலாக உட்கார்ந்து எழுதிக்கொண்டது.

சேமம். தராசும் சேமம்.

உன் கடிதம் வந்த அன்றே உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, "அந்தப் புள்ளைக்கு என்னாடா?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வாசிக்கிறப்ப எல்லாம் மழையும் பஸ்ஸுமாத்தான் வருது. எம்மக மழையப் பத்தி எழுதுறவளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு அது. பிறகு எழுந்து, அடுத்த பஸ்ஸுக்கு உனக்காகக் கட்டி வைத்திருந்த அதிரச டின்னை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ தின்னு," என்றாள்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற நேரம். எல்லோரும் நின்றார்கள். நான் எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏறி நின்றேன். பீப்பாய் ஆடியது. உனக்கு அன்று வந்த வியாதியின் பெயரைச் சொன்னேன். பதின்மூன்று வருடத்தில் அந்தச் சொல் என் வாயில் அன்றுதான் வந்தது.

மூக்காயிதான் முதலில் பேசினாள். "அது எங்களுக்கு அப்பவே தெரியும், ஐயா."

"தெரியுமா?"

"பின்ன? வெறும் காய்ச்சலுக்கா ரேசன் சீனியக் கொண்டாந்து கொட்டுவோம்?"

நான் பீப்பாயிலிருந்து இறங்கிவிட்டேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலையில்லை. ஒரு தோட்டமே எனக்குத் தெரியாமல் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் சீனி வியாதி விஷயம் அவர்களுக்குப் புதிது. அதுதான் சங்கடமாகிவிட்டது. "அப்ப இத்தன வருசமா தட்டுத் தட்டா நீட்டி அந்தப் புள்ளையக் கெடுத்தது நாங்களா?" என்று மூக்காயி உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. தொண்டை அதற்கும் பெரிதுதான். டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த வைத்தியத்தால் வந்திருக்கலாம், தட்டு ஒரு பங்குதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

கோயில் கமிட்டி அவசரமாகக் கூடியது. உனக்கு இனிப்பு நீட்டுகிறவர்கள் கோயில் கிணற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தீர்மானம். உன் அம்மாவின் நேர்த்தி அப்படியே இருக்கும், சீனிக்குப் பதில் பாசிப்பயறு. "பயற வேகவைக்க வெறகு யாரு குடுப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. எடை குறைந்தால் பங்கு குறையுமே என்று இன்னொருத்தி கேட்டதற்கு மூக்காயி சொன்னாள்: "கொறையட்டும். புள்ள இருக்கிற வருசம் கூடுமில்ல."

கந்தப்பன் வீட்டார் வரவில்லை. வயிற்றுவலி என்று ஆள் அனுப்பினார்கள். எனக்குப் பழக்கமான வயிற்றுவலி.

இப்போது நான் கொழுந்து நிறுக்கும்போது மூக்காயியும் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்கிறாள். கூடைக்குக் கழிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஈரத்துக்குக் கழிப்பதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

உன் மாமன்,
வீ. வீரய்யா
(அதிரசம் முழுவதையும் நான் தின்னவில்லை.)


பதுளை
20.7.1986

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜெஸீமா ராத்தாவுக்கு உரக்கப் படித்துக்காட்டினேன். ஒரு பக்கத்தையும் மழையாக்கவில்லை. பீப்பாய் ஆடிய இடத்தில் அவர் சிரித்தார். மூக்காயி அக்கா சொன்ன இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லோருமே சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிறார்கள். மர்ஸூக் நானா மட்டும் கடைக்குப் போய்த்தான் குடிப்பதாகக் கேள்வி.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். மூக்காயி அக்காவுக்கு ஒரு போத்தல் தனியாக இருக்கிறது. நான் கொடுத்ததாகச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது நானே அவர் வீட்டுக்குப் போய் உட்காருவேன். பேச ஒன்றும் வராவிட்டாலும் உட்காருவேன்.

டாக்டரம்மாவின் சோதனைக் குழாய் இப்போது பச்சை நிறத்துக்கு வந்திருக்கிறது. நீலத்துக்கு இன்னும் கொஞ்சம் போக வேண்டும். அழுத்தமும் இறங்குகிறது. டாக்டரம்மா சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நியமனம் நிரந்தரம். என் உடம்பு மட்டும் நிரந்தரமாக அவருடைய பார்வையில் இருக்க வேண்டுமாம். ரயில் நிலையப் பாதையில் இப்போது முகத்தை மூடாமல் நடக்கிறேன். பிள்ளைகள் நான்கு பேர் கூடவே நடக்கிறார்கள். அதில் ஒருத்தி என்னைவிட வேகம்.

காதுக்காரர் வராததில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்களும் வருத்தப்பட வேண்டாம்.

மாமா, மார்ச் மாதக் கடிதத்தில், டாக்டரம்மா இன்னொன்றும் செய்யச் சொன்னார், பிறகு எழுதுகிறேன் என்று விட்டிருந்தேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. எனக்கு அன்று என்ன மருந்து, எவ்வளவு, தலைக்கு எத்தனை முறை கதிர் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். இருதயத்தையும் மற்றதையும் எப்படிப் பார்ப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வாராம். அதனால் எனக்கு அன்று வைத்தியம் பார்த்த மகரகமை ஆஸ்பத்திரிக்கே நான் போய் வர வேண்டும். அங்கே எழுதிக் கேட்டு நாளும் வாங்கித் தந்திருக்கிறார். ஆகஸ்ட் இரண்டாம் வாரம், பள்ளி விடுமுறையில்.

டிக்கெட் வாங்க மூன்று முறை ரயில் நிலையத்துக்குள் போனேன். நடைப்பயிற்சிதான் ஆனது.

கொழும்புப் பக்கம் போவதில்லை என்று நீங்கள் வைத்திருப்பது எனக்குத் தெரியும். உங்கள் தம்பி கல்யாணத்துக்கே போகாதவர். அதனால்தான் இத்தனை கடிதத்திலும் கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். நீங்கள் என்னோடு வர வேண்டும். உள்ளே என்னைக் கூப்பிடும்போது, எங்காவது ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றால் போதும். முகம் காட்ட வேண்டாம், எனக்கு இருபத்து மூன்று வயதாகிறது.

காட்டினாலும் பரவாயில்லை.

உங்கள்,
பாக்கியம்